பறக்காமலே பறக்கும் விமானம்: மாதிரி அமைக்கும் மூன்று முறைகள் – ஓர் ஒப்பீடு

இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி., இயற்பியல்

அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் ஏதேனும் ஒரு தெருவில் நின்று சற்று நேரம் அண்ணாந்து பார்த்தால், மீனம்பாக்கத்திலிருந்து எழும்பிச் செல்லும் விமானமோ, அதை நோக்கி இறங்கும் விமானமோ கண்ணில் படும். சிறு வயதில் அப்பாவுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகும் வழியில் அவற்றை எண்ணிக்கொண்டே நடப்பது என் வழக்கம். விமானத்துக்குள் அமர்ந்து பார்க்கும் வாய்ப்பு எங்கள் குடும்பத்தில் இன்றுவரை எவருக்கும் கிட்டவில்லை. ஆயினும் விமானம் எவ்வாறு பறக்கிறது என்று அறிய ஆகாயத்துக்குப் போக வேண்டியதில்லை என்பதைக் கல்லூரிக்கு வந்த பின் கற்றேன்.

விமானிகளும் பெரும்பாலும் தரையில் அமர்ந்தே கற்கிறார்கள் என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. சிமுலேட்டர் எனப்படும் பாவனைக் கருவியில் விமானி அறை அப்படியே இருக்கும். கண்ணாடிக்கு வெளியே ஓடுபாதையும் மேகமும் தெரியும். அனுபவமுள்ள விமானி ஒருவர் வேறு வகை விமானத்துக்கு மாறும்போது, பயிற்சி முழுவதையும் இக்கருவியிலேயே முடித்துக்கொண்டு, அந்த வகையில் தம் முதல் பறத்தலையே பயணிகளுடன் மேற்கொள்ளவும் பல நாடுகளின் விதிகள் இடம் தருகின்றன. அப்படியானால் அக்கருவிக்குள் இருக்கும் கணக்கு எவ்வளவு சரியானதாக இருக்க வேண்டும்! அந்தக் கணக்குக்குத்தான் ‘மாதிரி’ என்று பெயர். அதை அமைக்கும் முறைகளை ஒப்பிட்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதை எழுதத் தூண்டியவர் என் தந்தையார். லேத் பட்டறையில் முப்பது ஆண்டுகளாக வேலை செய்பவர்; எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஓர் இரவு, பழைய மடிக்கணினி ஒன்றில் நானே அமைத்த விமானம் ஒன்றைத் திரையில் ஓட்டிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பா கேட்டார்:

“ஏம்மா, நீ போட்ட கணக்கை நம்பி ஒரு ஆளை மேல ஏத்துவியா?”

எனக்குச் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. இக்கட்டுரை அந்தக் கேள்விக்கு நான் தேடிய விடை.

ஆறு சமன்பாடுகள்

விமானத்தின் இயக்கம் நியூட்டனின் விதிகளுக்கு உட்பட்டதே. அது முன்பின்னாகவும், பக்கவாட்டிலும், மேல்கீழாகவும் நகரலாம். இந்த மூன்று அச்சுகளைப் பற்றிச் சுழலவும் செய்யலாம். ஆக, மூன்று விசைச் சமன்பாடுகள், மூன்று திருப்புத்திறன் சமன்பாடுகள். ரைட் சகோதரர்கள் பறந்த 1903க்கு எட்டே ஆண்டுகளில், 1911இல், ஜி. எச். பிரையன் என்ற கணித அறிஞர் இவற்றை முறையாக எழுதி நூலாக வெளியிட்டுவிட்டார். இன்றைய சிமுலேட்டர்களின் அடித்தளமும் அதுவே.

கணினி செய்வது எளிய வேலை. இந்த நொடியில் விமானத்தின் மீது செயல்படும் விசைகள் எவை என்று கூட்டுகிறது. அவற்றிலிருந்து முடுக்கம், முடுக்கத்திலிருந்து திசைவேகம், திசைவேகத்திலிருந்து புதிய நிலை. இதையே நொடிக்கு நூறு முறைக்கு மேல் திரும்பத் திரும்பச் செய்கிறது. நாம் முதலாண்டில் கற்ற தொகையீடுதான்.

அப்படியானால் சிக்கல் எங்கே? விசைகளில் எடையை அறிவோம். எஞ்சினின் உந்து விசையையும் ஓரளவு அறிவோம். காற்று தரும் விசையை அறிவதுதான் கடினம். இறக்கையின் தூக்கு விசைக்கான வாய்பாடு யாவரும் அறிந்ததே: காற்றின் அடர்த்தியில் பாதி, வேகத்தின் வர்க்கம், இறக்கையின் பரப்பு, தூக்குக் குணகம் ஆகிய நான்கின் பெருக்கல். செஸ்னா 172 என்ற சிறு விமானத்தை எடுத்துக்கொள்வோம். இறக்கைப் பரப்பு சுமார் 16.2 சதுர மீட்டர். எடை சுமார் 1,050 கிலோ என்க. நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் மட்டமாகப் பறக்க அதற்குத் தேவையான குணகம் 0.42. வேகம் நொடிக்கு 30 மீட்டராகக் குறைந்தால் 1.15 தேவை. குணகத்தை உயர்த்த விமானி மூக்கைத் தூக்குகிறார். அதாவது இறக்கைக்கும் எதிர்வரும் காற்றுக்கும் இடையிலுள்ள தாக்குகோணத்தைக் கூட்டுகிறார்.

ஆனால் எந்தக் கோணத்துக்கு எந்தக் குணகம்? அந்த ஓர் எண்ணை எங்கிருந்து பெறுவது என்பதில்தான் முறைகள் மூன்றாகப் பிரிகின்றன.

முதல் முறை: அட்டவணை

விமானத்தின் சிறிய உருவத்தைச் செய்து, காற்றுச் சுரங்கத்தில் நிறுத்தி, ஒவ்வொரு கோணத்திலும் விசையை அளந்து அட்டவணையாக எழுதிக்கொள்வது முதல் முறை. 4 பாகைக்கு 0.6 என்றும், 6 பாகைக்கு 0.8 என்றும் அட்டவணையில் இருந்தால், 5 பாகைக்குக் கணினி 0.7 என்று இடைச்செருகிக் கொள்ளும். தூக்கு விசைக்கு ஓர் அட்டவணை, இழுவைக்கு ஒன்று, மூக்கைத் தூக்கும் திருப்புத்திறனுக்கு ஒன்று, வால் தகட்டை அசைத்தால் வரும் மாற்றத்துக்கு ஒன்று என்று இவை பெருகும். ப்ளைட்கியர் என்ற இலவச நிரலில் வரும் செஸ்னா 172 இவ்வகையினது. அதை இயக்கும் ஜே.எஸ்.பி.சிம் என்ற பகுதி அட்டவணைகளைப் படித்தே வேலை செய்கிறது.

அளந்த எண்ணுக்கு மறுப்பு ஏது? இதுவே இம்முறையின் வலிமை. ஆனால் அளந்தவர் யார், எப்படி அளந்தார் என்று கேட்காமல் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ரைட் சகோதரர்களே சாட்சி. 1901இல் அவர்கள் செய்த கிளைடர், கணக்குப்படி தூக்க வேண்டிய எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் தூக்கியது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் ஸ்மீட்டன் பெயரால் வழங்கத் தொடங்கிய 0.005 என்ற காற்றழுத்த எண்ணை அதுவரை பலரும் நம்பியே கணக்கிட்டு வந்தனர். சகோதரர்கள் தம் சொந்த அளவீடுகளிலிருந்து அது 0.0033 அளவே இருக்க வேண்டும் என்று கண்டனர். பின்னர் டேட்டனில் இருந்த தம் சைக்கிள் கடையில் ஒரு மரப்பெட்டியைக் காற்றுச் சுரங்கமாக்கி, பழைய ஹேக்சா பிளேடுகளையும் சைக்கிள் கம்பிகளையும் கொண்டு தராசு செய்து, சுமார் இருநூறு இறக்கை வடிவங்களைச் சோதித்தனர். அந்தப் புதிய அட்டவணையைக் கொண்டு செய்த 1902ஆம் ஆண்டுக் கிளைடர் எதிர்பார்த்தபடி பறந்தது. பட்டறை வேலையும் பௌதிகமும் ஒன்றாய்க் கைகோத்த இடம் அது!

நம் நாட்டில் பெங்களூர்த் தேசிய விண்வெளி ஆய்வகத்தில் 1967 முதல் இயங்கிவரும் 1.2 மீட்டர் காற்றுச் சுரங்கம், ஒலியின் வேகத்துக்குக் கீழும் மேலும் சோதனை செய்ய வல்லது. நம் விமானங்களும் ஏவூர்திகளும் அதில் உருவச் சோதனைக்கு உள்ளாகியிருக்கின்றன.

இம்முறைக்குக் குறைகளும் உண்டு. சிறிய உருவத்தின் மேல் ஓடும் காற்று, பெரிய விமானத்தின் மேல் ஓடும் காற்றைப் போலவே நடந்துகொள்ளாது. ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1883இல் காட்டிய எண்ணைக் கொண்டு இதைத் திருத்த வேண்டும். அடுத்தது இதனினும் பெரிய குறை: அட்டவணைக்கு ஒரு கடைசி வரி உண்டு. அதற்கு அப்பால் போனால் சில நிரல்கள் கடைசி எண்ணையே பிடித்துக்கொண்டு நிற்கும். சில அதே சாய்வில் கோட்டை நீட்டிக்கொண்டே போகும். இரண்டும் ஊகமே. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவோம்.

இரண்டாம் முறை: உருவத்திலிருந்து கணக்கு

விமானம் இன்னும் செய்யப்படவில்லை, சுரங்கத்தில் வைத்துப் பார்க்க வசதியும் இல்லை. வரைபடம் மட்டும் கையில் இருக்கிறது. அப்போது இறக்கையைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் மேலும் காற்று எந்தக் கோணத்தில், எந்த வேகத்தில் மோதுகிறது என்று கணக்கிட்டு, எல்லா விசைகளையும் கூட்டிவிடலாம். இந்தக் கருத்து விமானத்துக்கு முந்தியது. கப்பலின் சுழலிக்காக வில்லியம் புரூட் 1878இல் சொன்னது. இன்று எக்ஸ்-பிளேன் என்ற புகழ்பெற்ற நிரல் இந்த வழியைப் பின்பற்றுகிறது. ப்ளைட்கியரில் உள்ள ஒய்.ஏ.சிம் என்ற மற்றொரு பகுதியும் உருவ அளவுகளிலிருந்தே தொடங்குகிறது. விமானத்தின் பயண வேகத்தையும் இறங்கு வேகத்தையும் நாம் கொடுத்தால், அவற்றுக்குப் பொருந்துமாறு குணகங்களைத் தானே தேடிக்கொள்கிறது.

இம்முறையின் அழகை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். விமானம் நொடிக்கு 50 மீட்டர் வேகத்தில் செல்கையில் வலப்பக்கம் உருளத் தொடங்குகிறது என்க. உருளும் வேகம் நொடிக்கு 0.2 ரேடியன். நடுவிலிருந்து 5 மீட்டர் தொலைவிலுள்ள வலது இறக்கை நுனி நொடிக்கு 1 மீட்டர் கீழே இறங்குகிறது. எனவே அந்த நுனிக்கு மட்டும் காற்று கீழிருந்து சற்று அதிகமாக மோதுகிறது. தாக்குகோணம் அங்கே 50இல் 1 ரேடியன், அதாவது ஏறத்தாழ 1.15 பாகை கூடுகிறது. தூக்கு விசையும் கூடுகிறது. இடது நுனியில் இதற்கு நேர்மாறாகக் குறைகிறது. ஆகவே உருளுதல் தானே அடங்குகிறது! அட்டவணை முறையில் இந்த அடக்கத்துக்குத் தனியாக ஓர் எண் தேட வேண்டும். இங்கோ யாரும் சொல்லாமலே உருவத்திலிருந்து வந்துவிடுகிறது.

ஆனால் துண்டுகளைத் தனித்தனியாகக் கணக்கிடுவதால், ஒரு பகுதி மற்றொன்றின் காற்றைக் கெடுப்பதை இம்முறை முழுமையாக அறியாது. இறக்கையைத் தாண்டி வரும் காற்று கீழ்நோக்கி வளைந்து வாலில் மோதும். உடற்பகுதியும் இறக்கையும் சேருமிடத்தில் சுழல்கள் தோன்றும். இவற்றுக்கெல்லாம் தோராயத் திருத்தங்கள்தாம் தர முடியும். காற்றின் ஓட்டத்தையே முழுமையாகத் தீர்க்கும் கணினி முறைகளும் உள. அவற்றில் ஒரேயொரு நிலையைத் தீர்க்கவே மணிக்கணக்கில் ஆகலாம். சிமுலேட்டரோ கண் இமைப்பதற்குள் விடை கேட்கும். எனவே அவற்றை முன்கூட்டியே ஓட்டி, விடைகளை முதல் முறையின் அட்டவணையில் நிரப்புவதே வழக்கம்.

மூன்றாம் முறை: பறந்து அறிதல்

மூன்றாவது முறை தலைகீழானது. விசையிலிருந்து இயக்கத்தைக் காண்பதற்குப் பதில், இயக்கத்திலிருந்து விசையைக் காண்பது. உண்மை விமானத்தில் கருவிகளைப் பொருத்தி, விமானி கட்டுப்பாட்டுக் கோலைக் குறித்த முறையில் முன்னும் பின்னும் தள்ளுகிறார். விமானம் எப்படி ஆடியது, எவ்வளவு நேரத்தில் அடங்கியது என்று கருவிகள் பதிவு செய்கின்றன. பிறகு, எந்தக் குணகங்களை வைத்தால் கணக்கும் பதிவும் மிக நெருங்கிப் பொருந்தும் என்று தேடுகிறோம்.

நண்பர்களே, இது நமக்குப் புதிதன்று! சுருள்வில் சோதனையில் புள்ளிகளைக் குறித்து, அவற்றினூடே மிகப் பொருத்தமான நேர்கோட்டை வரைகிறோம் அல்லவா? அதே மீச்சிறு வர்க்க முறைதான். 1801இல் கண்டுபிடிக்கப்பட்டுப் பிறகு பார்வையிலிருந்து தவறிவிட்ட சீரஸ் என்ற சிறுகோள் எங்கே தென்படும் என்று காஸ் கணித்துக் கொடுத்த கதையை நாம் அறிவோம். சில பார்வைகளிலிருந்து பாதை முழுவதையும் மீட்ட அதே சிந்தனை இங்கே விமானத்துக்குப் பயன்படுகிறது.

நம் நாட்டில் இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு ஹன்சா-3 விமானம். தேசிய விண்வெளி ஆய்வகம் வடிவமைத்த இருவர் அமரும் பயிற்சி விமானம் அது. ஹன்சாவின் முதல் உருவம் 1993இல் பறந்தது. ஹன்சா-3 2000ஆம் ஆண்டில் சான்று பெற்றது. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பறத்தல் ஆய்வகத்தில் ஒரு ஹன்சாவில் கருவிகள் பொருத்தி, அதன் குணகங்களைப் பறந்தே மதிப்பிட்டு ஆய்வுகள் செய்திருக்கிறார்கள்.

இம்முறை உண்மை விமானத்தின் வாயிலிருந்தே உண்மையைக் கறக்கிறது எனலாம். ஆனால் விமானம் கையில் இருக்க வேண்டும், செலவு அதிகம். மேலும், இரண்டு காரணிகள் எப்போதும் சேர்ந்தே மாறினால், எது எவ்வளவு காரணம் என்று பிரித்தறிய இயலாது. எல்லாவற்றுக்கும் மேலாக, விமானி எதுவரை துணிந்து பறந்தாரோ அதுவரைதான் இம்முறையின் அறிவும் எட்டும்.

எங்கள் வீட்டுக் காற்றுச் சுரங்கம்

படித்தது போதாதென்று, என் வகுப்புத் தோழியும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சிறு சோதனை செய்தோம். 30 சென்டிமீட்டர் நீளமும் 10 சென்டிமீட்டர் அகலமும் உள்ள தெர்மகோல் தகடு எங்கள் இறக்கை. அதைச் சாய்த்துப் பிடிக்க ஒரு தாங்கியை அப்பா கழிவு அலுமினியத்தில் செய்து தந்தார். தாங்கியைச் சமையலறை எலக்ட்ரானிக் தராசின் மேல் வைத்து, எதிரே மேசை மின்விசிறியை ஓடவிட்டோம். தூக்கு விசை எவ்வளவோ, தராசு அவ்வளவு குறைத்துக் காட்டும். தகடு மட்டமாக இருக்கும்போது கிடைத்த மாற்றத்தை முதலில் கழித்துக்கொண்டோம். கோணத்தை ஜியாமெட்ரி பெட்டியின் கோணமானியால் அளந்தோம். மின்விசிறிக் காற்று சுழன்று வருவதால் எண்கள் ஆடிக்கொண்டே இருந்தன; ஒவ்வொரு கோணத்துக்கும் பத்து முறை படித்துச் சராசரி எடுத்தோம்.

5 பாகையில் 7 கிராம். காற்றின் வேகம் எங்களுக்குத் தெரியாது. ஆனால் இந்த ஒரு புள்ளியைக் கொண்டே மாறிலியைக் கணித்துக்கொண்டோம். சிறு கோணங்களில் தூக்கு விசை கோணத்துக்கு நேர்விகிதம் என்பது பாடம். எனவே 10 பாகைக்கு 14, 15 பாகைக்கு 21, 20 பாகைக்கு 28 கிராம் வர வேண்டும் என்று எழுதி வைத்தோம்.

10 பாகையில் தராசு 14 காட்டியது. தோழி கைதட்டினாள். 15 பாகையில் 16தான். 20 பாகையில் 15!

எங்கள் கணக்கு 28 என்றது. காற்று 15 என்றது. பாதி போய்விட்டது. தகட்டின் மேற்புறத்தை ஒட்டி ஓடவேண்டிய காற்று, கோணம் மிகுந்ததும் ஒட்ட முடியாமல் பிரிந்துவிட்டது. விமானிகள் ‘ஸ்டால்’ என்று அஞ்சும் நிலை இதுவே. பத்துப் பாகை வரை அப்பழுக்கின்றிப் பொருந்திய கணக்கு, அதற்கு மேல் எந்த எச்சரிக்கையும் தராமல் பொய் சொல்லியது. தவறான விடையும் சரியான விடையைப் போலவே நேர்த்தியான எண்ணாக வந்து நின்றது என்பதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது.

அப்பா என் பின்னால் நின்று பார்த்த அந்த இரவில் நான் ஓட்டியது ஒய்.ஏ.சிம் வழியில் நானே அமைத்த ஹன்சா. இறக்கை நீளம் சுமார் 10.5 மீட்டர், முழு எடை சுமார் 750 கிலோ என்று அளவுகளைச் சேர்த்து அமைத்திருந்தேன். அது அழகாகப் பறந்தது. ஆனால் மூக்கை எவ்வளவு தூக்கினாலும் விழ மறுத்தது. காரணம், ஸ்டால் கோணம் தெரியாமல் நானாக ஓர் எண்ணைப் போட்டிருந்தேன். திரையில் அது பிழையாகத் தெரியவில்லை. நல்ல விமானமாகத் தெரிந்தது!

தேஜஸ்: மூன்றும் சேர்ந்த கதை

மூன்று முறைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது விளையாட்டுக்குச் சரி. உயிர் பணயமாக இருக்கும்போது எப்படிச் செய்கிறார்கள்? நம் நாட்டின் இலகு ரகப் போர் விமானமான தேஜஸின் வரலாறு இதற்கு விடை சொல்கிறது.

தேஜஸ் வேண்டுமென்றே நிலைப்பின்றி வடிவமைக்கப்பட்டது. உள்ளங்கையில் துடைப்பக் குச்சியை நிறுத்துவது போல, கணினி ஒவ்வொரு கணமும் திருத்திக்கொண்டே இருந்தால்தான் அது நேராகப் பறக்கும். திடீரென்று திரும்பும் வேகத்துக்காக இந்த விலை. ஆகவே ‘முதலில் பறந்து பார்ப்போம், பிறகு கணக்கைத் திருத்துவோம்’ என்று சொல்ல வழியில்லை. கணக்கு சரியாக இருந்தால்தான் முதல் பறத்தலே உண்டு.

1992இல் தேசிய விண்வெளி ஆய்வகத்தில் இதற்கெனக் கட்டுப்பாட்டு விதிக் குழு அமைக்கப்பட்டது. காற்றுச் சுரங்க அளவீடுகளும் கணக்கீடுகளும் சேர்ந்து மாதிரி உருவாயிற்று. பெங்களூரிலுள்ள விமான வளர்ச்சி நிறுவனத்தின் சிமுலேட்டர்களில் சோதனை விமானிகள் அதை ஓட்டி ஓட்டிக் குறை சொன்னார்கள். உண்மையான பாகங்களைத் தரையில் இணைத்த ‘இரும்புப் பறவை’ என்ற அமைப்பிலும் சோதித்தார்கள். 1996இல் அமெரிக்காவில், தன் இயல்பை மறைத்து வேறு விமானம் போல நடிக்கவல்ல எப்-16 விமானம் ஒன்றில் நம் கட்டுப்பாட்டு விதிகளை ஏற்றிப் பறந்தும் பார்த்தார்கள்.

1998இல் பொக்ரான் அணுச் சோதனையை அடுத்து அமெரிக்கா தடை விதித்தது. அங்கே நடந்துகொண்டிருந்த கூட்டு வேலை நின்றது. நம்மவர்கள் திரும்பி வந்து இங்கேயே முடித்தார்கள். 2001 ஜனவரி 4ஆம் நாள் பெங்களூரில் விங் கமாண்டர் ராஜீவ் கோதியால் அந்த விமானத்தில் ஏறினார். பதினெட்டு நிமிடம் பறந்து பத்திரமாக இறங்கினார். தந்தையின் கேள்விக்கு ஒரு மனிதர் தம் உயிரைக் கொண்டு ‘ஏறுவேன்’ என்று பதில் சொன்ன நாள் அது.

ஆனால் அதன் பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் முக்கியம். மாதிரி வென்றுவிட்டது என்று கொண்டாடிவிட்டு நிற்கவில்லை. ஒவ்வொரு பறத்தலின் பதிவையும் மாதிரியோடு ஒப்பிட்டார்கள். வேகத்தின் எல்லையையும் தாக்குகோணத்தின் எல்லையையும் பல ஆண்டுகளில் படிப்படியாகவே விரித்தார்கள். முதல் முறை அடிப்படை தந்தது; இரண்டாம் முறை இடைவெளிகளை நிரப்பியது; மூன்றாம் முறை இரண்டையும் திருத்தியது.

நம் பகுதிக்கும் இதில் பங்குண்டு. தேஜஸின் எஞ்சின் ஆற்றலைப் பிரித்துத் துணைக் கருவிகளுக்கு அளிக்கும் கியர்பெட்டியை வடிவமைத்தது, பீரங்கி வண்டிகளுக்குப் பேர்போன நம் ஆவடியிலுள்ள போர் ஊர்திகள் ஆராய்ச்சி நிறுவனமே. இதைச் சொன்னபோது அப்பாவின் முகம் மலர்ந்ததை எழுதாமல் இருக்க முடியவில்லை.

எல்லைக்கு அப்பால்

கடைசி வரிக்கு அப்பால் என்ன என்ற கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வியன்று. 2009 ஜூன் 1ஆம் நாள் ரியோ டி ஜெனிரோவிலிருந்து பாரிசுக்குப் பறந்த ஏர்பஸ் 330 விமானத்தில், வேகமானிக் குழாய்கள் பனியால் அடைபட்டன. தானியங்கி விலகியது. விமானிகள் மூக்கைத் தூக்க, விமானம் ஸ்டால் நிலைக்குச் சென்றது. தாக்குகோணம் 40 பாகையையும் கடந்தது. அந்நிலையிலேயே அது கடலில் விழுந்து 228 பேர் மாண்டனர்.

சிமுலேட்டரே காரணம் என்று யாரும் சொல்லவில்லை. பல காரணங்கள் கூடிய விபத்து அது. ஆனால் ஸ்டாலின் தொடக்க எச்சரிக்கையைக் கடந்து சிமுலேட்டரில் பயிற்சி பெறும் வழக்கம் அக்காலத்தில் இல்லை. பெரும்பாலான மாதிரிகளும் அதற்கு அப்பால் நம்பத்தக்கவையாக இல்லை. அசாதாரண நிலைகளைச் சிமுலேட்டர்கள் மேலும் உண்மையாகக் காட்ட வேண்டும் என்று பிரெஞ்சு விசாரணைக் குழு 2012இல் பரிந்துரைத்தது. 2019 மார்ச் முதல் அமெரிக்க விமான நிறுவனங்களின் விமானிகள் முழு ஸ்டால் நிலையைச் சிமுலேட்டரில் பயில்வது கட்டாயமாயிற்று. அதற்காக மாதிரிகளின் அட்டவணைகள் கடைசி வரியைத் தாண்டி நீட்டப்பட்டன.

ஒப்பீடும் முடிவும்

சுருங்கக் கூறின், அளந்த விமானத்தை அளந்த எல்லைக்குள் அப்படியே காட்ட அட்டவணை முறை சிறந்தது. இன்னும் பிறவாத விமானத்தைப் பற்றி அறியவும், ‘இறக்கையை நீட்டினால் என்ன ஆகும்?’ என்று கேட்டுப் பார்க்கவும் உருவ முறை சிறந்தது. நம்மைப் போன்ற மாணவர்க்குக் கற்றுத்தர அதைவிட நல்ல ஆசான் இல்லை. இவ்விரண்டும் சொல்வது மெய்யா என்று தீர்ப்பளிக்கப் பறந்து அறியும் முறை ஒன்றே தகுதியுடையது. எது உயர்ந்தது என்று கேட்பதைவிட, எது எதுவரை சரிபார்க்கப்பட்டது என்று கேட்பதே அறிவுடைமை.

இதையெல்லாம் ஒரு மாலை அப்பாவிடம் விளக்கினேன். கேட்டுவிட்டு, லேத்தின் முகப்பில் பதித்திருக்கும் தகட்டைக் காட்டினார். எந்த மரைக்கு எந்த லீவரை எங்கே போட வேண்டும் என்ற பட்டியல் அது.

“சார்ட்ல இருக்கிற பிட்ச்னா லீவரைப் போட்டா போதும். சார்ட்ல இல்லாத பிட்ச் வந்தா, பல்லு எண்ணிக் கணக்குப் போட்டு கியரை மாத்தணும். கணக்கு சரியா வந்தாலும் நல்ல பீஸ்ல கை வைக்க மாட்டேன்மா. ஸ்கிராப்ல லேசா ஒரு வெட்டு ஓட்டி, கேஜ் வெச்சுப் பாத்துட்டுதான் அடுத்தது.”

அட்டவணை, கணக்கு, சோதனை வெட்டு! மூன்று முறைகளையும் மூன்றே வரிகளில் சொல்லிவிட்டார். நான் நூலகத்தில் தேடியதை அவர் முப்பது ஆண்டுகளாகக் கையால் செய்து வந்திருக்கிறார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவள் நான். ஆனால் அறிவியல் எங்கள் வீட்டுக்கு என்னோடு வந்தது அன்று என்று அப்போது உணர்ந்தேன்.

அவருடைய கேள்விக்கு இப்போது விடை சொல்கிறேன். நான் அமைத்த விமானத்தில் யாரையும் ஏற்ற மாட்டேன். அது எந்த எல்லை வரை மெய் என்று நான் இன்னும் சோதிக்கவில்லை. சோதித்த பிறகு, அந்த எல்லையை முதல் பக்கத்திலேயே எழுதிவைத்துவிட்டு, முதலில் நான் ஏறுவேன்.

மாணவ நண்பர்களே, உங்கள் ஆய்வகக் குறிப்பேட்டில் வரைபடத்தின் கோட்டைக் கடைசிப் புள்ளிக்கு அப்பால் நீட்டும்போது, அப்பகுதியைப் புள்ளிக்கோடாகவே வரையுங்கள். அந்தச் சிறு நேர்மையில்தான் பிறர் உயிரும் நம் அறிவியலும் அடங்கியிருக்கின்றன.